உங்கள் உழைப்பை வாங்க எத்தனை பேர்?



இந்தத் தடவை தீபாவளிச் செலவைப் பற்றி எழுதுவதாகப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த முறை பார்த்துக்கொள்வோம். தீபாவளி எங்கும் ஓடிவிடாது. தெற்குக் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கும் கடிதம் மட்டும் காத்திருக்கக் கூடியதாக இல்லை.

நான்கு பக்கக் கடிதம். பெயரும் தோட்டமும் நமக்கு வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார், வயது ஐம்பத்து நான்கு. குடியிருப்பது தோட்டத்து வீடு. அவர் வேலையிலிருந்து நிற்கும் நாளில் வீட்டையும் காலி செய்தாக வேண்டும். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, ஒரு வருடமாகப் பட்டணத்தில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மாதம் 3,000 வெள்ளி பார்க்கிறானாம். இதற்கிடையில், அம்மாவின் தொந்தரவு தாங்காமல் போட்டு வைத்த மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்சாரப் பிரிவில் இடம். இரண்டு வருடப் படிப்பு.

மகன் கேட்கிறான்: "ரெண்டு வருஷம் காசில்லாம உட்கார்ந்து படிச்சிட்டு, அப்புறம் ரெண்டாயிரம் சம்பளத்துக்குப் போகணுமா? இப்பவே மூவாயிரம் வருதே!" தகப்பனாரும், "பையன் சொல்றது நியாயம்தானே" என்கிறார். மூன்றாவதாக ஒரு சிநேகிதன், "ரெண்டும் வேணாம்டா, சிங்கப்பூருக்குப் போயிடலாம் வா" என்று கூப்பிடுகிறான். அந்தத் தாயார் கடைசி வரியில், "எனக்குக் கேட்க ஆளில்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது ஒரு பையனைப் பற்றிய கேள்வி. ஆனால் இதே கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது என்பதால், எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தடையற்ற சந்தை என்று பெரியவர்கள் பேசுகிறார்களே, அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தகப்பனார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு தெரிந்துகொண்டேன். அப்போது அவர் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ஒரு சீனத் தவுக்கேயின் ஐந்து ஏக்கர் கித்தா மரங்களைப் பாதிப் பங்குக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஒருமுறை காய்ந்த சீட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போவோம். அங்கே கித்தா வாங்கும் கடை ஒன்றே ஒன்று. கடைக்காரர் சீட்டை விரலால் தடவிப் பார்ப்பார், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், "ஈரம் இருக்கு" என்பார். ஈரத்துக்காக எடையில் பத்துக்கு ஒன்றைக் கழிப்பார். அந்தக் காலத்தில் கட்டிக் கணக்கு. ஒரு கட்டி இன்றைய அறுநூறு கிராமுக்குச் சற்று அதிகம். மழை நாளானாலும் ஈரம்தான். புகைக் கொட்டகையில் பத்து நாள் கிடந்து பொன்னிறமாக வந்த சீட்டானாலும் ஈரம்தான். அப்பா வாய் திறக்க மாட்டார். திறந்து என்ன செய்ய? திரும்பவும் ஏழு மைல் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா?

ஒரு வருடம் சீனப் பெருநாளுக்குப் பிறகு, எதிர்வரிசையில் இன்னொருவர் கித்தாக் கடை திறந்தார். நாங்கள் சைக்கிளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றோம். அவ்வளவுதான். பழைய கடைக்காரர் வெளியே வந்து அப்பாவை, "தம்பி, வா, கோப்பி குடி" என்று கூப்பிட்டார். அன்றைக்கு எங்கள் சீட்டில் ஈரமே இல்லை. அத்தனை வருடமாக இருந்த ஈரம் ஒரே வாரத்தில் காய்ந்து போயிற்று!

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று வருடம் கழித்து இரண்டு கடைக்காரர்களும் சம்பந்தி ஆனார்கள். ஈரம் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் கித்தா மாறவில்லை, அப்பாவின் கைத்திறனும் மாறவில்லை. மாறியதெல்லாம் வாங்குகிறவர்களின் எண்ணிக்கைதான். சந்தையைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவே. பிற்காலத்தில் பெரிய பெரிய பேச்சுகளைக் கேட்டபோதெல்லாம் அந்த இரண்டு கடைகளை வைத்துத்தான் அளந்து பார்த்திருக்கிறேன்.

நம் பெரியவர்களின் வாழ்க்கையை இதே படியால் அளந்து பாருங்கள். பால் வெட்டுவது லேசான வேலையா? பட்டைக்குள் கத்தி எத்தனை ஆழம் போகலாம் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் மேலே போனால் பால் வராது, கொஞ்சம் உள்ளே போனால் மரம் காயப்படும். விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்தவர்கள் அவர்கள். பட்டணத்தில் இருந்த எத்தனையோ வேலைகளைவிட அது நுட்பமான வேலை. ஆனால் அந்தத் திறமையை வாங்க ஒரு வாசல்தான் இருந்தது. அந்த வாசலுக்குச் சொந்தக்காரர்தான் வீட்டுக்கும் சொந்தக்காரர், தண்ணீர்க் குழாய்க்கும் சொந்தக்காரர். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் அவர் நிலத்தில்தான். வேலை பிடிக்கவில்லை என்று சொல்வதானால் வீட்டையும் சேர்த்து விட வேண்டும். அப்படி இருக்கும்போது யார் பிடிக்கவில்லை என்று சொல்வார்கள்?

உலகச் சந்தை அவர்களைத் தொடாமல் இருந்ததா என்றால், நன்றாகவே தொட்டது. 1932-ல் கித்தா விலை பவுண்டுக்குப் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தபோது நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கொரியப் போர் நேரத்தில், 1951 தொடக்கத்தில், அதே கித்தா பவுண்டு இரண்டு வெள்ளியைத் தாண்டியது. 1953-ல் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. விலையோடு சம்பளத்தை ஏற்றி இறக்கும் ஒப்பந்தங்களும் பிறகு வந்தன. லண்டனில் விலை அசைந்தால் லயத்தில் அடுப்பு அசையும். ஆகவே தோட்டத்து ஆளுக்குச் சந்தை தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். விற்பவனாக நின்று அதைப் பார்க்கத்தான் அவனுக்கு வழி இல்லாமல் இருந்தது.

முதலாளிமார் பக்கம் பாருங்கள். 1981 செப்டம்பர் 7-ம் தேதி காலையில் லண்டன் பங்குச் சந்தையில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் கத்ரி கம்பெனியின் பங்குகளை வாங்கத் தொடங்கி, சில மணி நேரத்துக்குள் கம்பெனியையே கையில் எடுத்துக்கொண்டது. அத்தனை தோட்டங்களும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கை மாறிவிட்டன. நாட்டுக்கு அது பெருமையான நாள்தான், நான் மறுக்கவில்லை. மறுநாள் காலையில் அந்தத் தோட்டங்களில் வழக்கமான நேரத்துக்குப் பெரட்டு நடந்தது, அதே நிரைக்கு அதே ஆட்கள் போனார்கள். பிறகு கித்தாவை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. முதல் உலகப் போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-ல் தொடங்கிய பிராங் புசார் தோட்டம்தான் 1990-களில் புத்ராஜெயா ஆயிற்று. நிலத்துக்கு எப்போதும் பத்துப் பேர் விலை கேட்டு நின்றார்கள். நாற்பது வருடம் பால் வெட்டிய கைக்கு, தோட்டம் மூடியதும் ஒருவர்கூட இல்லை.

நடுவில் ஒரு நல்ல முயற்சி நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நாளில், 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் சேர்த்து, மறுவருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். வெட்டுகிறவனே வாங்குகிறவனாகவும் ஆகிவிட்டால் ஈரத்தைக் கழிக்க யார் இருப்பார்கள்? அந்தக் கூட்டுறவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது வாசல் திறந்தது 1970-களில். பினாங்கு 1969-ல் தன் சுங்கவரியற்ற துறைமுகச் சலுகையை இழந்து வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்தது. அங்கே பாயான் லெப்பாஸில் 1972-ல் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. இன்டெல் அதே வருடம் வந்தது. தொழிற்சாலை பஸ்கள் கம்பத்துக்குள்ளும் தோட்டத்துக்குள்ளும் நுழைந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. அதற்கு எழுந்த பேச்சுகளை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராத்திரி வேலை என்றார்கள், கெட்டுப் போவார்கள் என்றார்கள். பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளைகள் பேங்கில் கணக்குத் திறந்தார்கள். தம்பி தங்கைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். அடுத்த கட்டிடத்தில் நாளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறார்கள் என்றால் அங்கே போனார்கள். நம் குடும்பங்களில் வேலையை இன்னொரு வேலைக்காக விட்டுவிட்டு, வீட்டை இழக்காமல் இருந்த முதல் தலைமுறை அநேகமாக அவர்கள்தான்.

ஆனாலும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டிய வேலை, அந்த நுண்ணோக்கியை விட்டு எழுந்தால் ஒன்றுக்கும் உதவவில்லை. 1985-ல் நாடே மந்தத்தில் விழுந்து ஆட்குறைப்பு வந்தபோது, ஒரே மாதிரி வேலை தெரிந்த ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே நின்றார்கள். எந்திரம் நின்றால் கழற்றிப் பார்த்து ஓட வைக்கத் தெரிந்தவனுக்கு அப்போதும் போக இடம் இருந்தது.

இனி உங்கள் மகனிடம் வருகிறேன், சகோதரி.

முதலில் அந்த 3,000 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். அவனையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். பெட்ரோலுக்கு 400. எண்ணெய் மாற்றுவது, டயர், பிரேக் என்று சராசரி 200. மோட்டார் சைக்கிள் தவணை 250. போனுக்கும் இன்சூரன்சுக்கும் சேர்த்து 100. மிச்சம் 2,050. உங்கள் வீட்டுக் கணக்கு முன்பின் இருக்கலாம். ஆனால் மூவாயிரம் என்பது அவன் சம்பளமல்ல, அவன் கடையின் வியாபாரம். இதை அவன் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மழையில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அந்தக் கடைக்கு இரண்டு மாதம் விடுமுறை என்பதும் அவனுக்குத் தெரியும். சிநேகிதர்களில் யாருக்காவது நடந்திருக்கும்.

இன்னொரு பக்கம், ஒழுங்கான வேலையில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 ஆனது. அந்த 1,700-க்கு முதலாளி சேமநிதியில் நூற்றுக்குப் பதின்மூன்று போட வேண்டும். மாதம் 221 வெள்ளி. கண்ணால் பார்க்காத காசு. உங்கள் மகனுக்கு அதைப் போட ஆளில்லை. அவனாக விரும்பிப் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும் திட்டம் சேமநிதியில் இருக்கிறது, ஆனால் பத்தொன்பது வயதில் யார் விரும்பிப் போடுகிறார்கள்? நான் போட்டிருக்க மாட்டேன்.

காசுக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவன் சாப்பாடு கொடுக்கும் வீடுகள் ஆயிரம் இருக்கலாம். அவன் உழைப்பை வாங்குகிறவர்கள் அந்த ஆயிரம் பேர் அல்ல. போனில் இருக்கும் ஒரு கம்பெனி, மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று. இன்றைக்கு ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு என்று போன் சொல்லும். அடுத்த மாதம் குறைத்துச் சொன்னால், "ஈரம் இருக்கு" என்கிற கதைதான். ஏன் என்று கேட்க அங்கே கடைக்காரர்கூட இல்லை. சம்பந்தி ஆவதும் இந்தத் தொழிலில் உண்டு. வாடகைக் கார் வியாபாரத்தில் ஊபரும் கிராப்பும் எதிர் எதிர்க் கடைகளாக இருந்த வரைக்கும் ஓட்டுநர்களைப் பிடிக்க இரண்டும் சலுகை மேல் சலுகை கொடுத்தன. 2018 மார்ச்சில் ஊபர் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிராப்பிடமே விற்றுவிட்டு வெளியேறியது. அது போட்டியைக் கெடுக்கும் காரியம் என்று சிங்கப்பூர்ப் போட்டி ஆணையம் இரண்டுக்கும் சேர்த்து 13 மில்லியன் டாலர் அபராதம் போட்டது. ஓட்டுநர்களுக்கு முன்னிருந்த இரண்டு வாசலில் ஒன்று மூடியது மூடியதுதான்.

சிங்கப்பூருக்குக் கூப்பிடும் சிநேகிதனைப் பற்றி: 1973 வரை நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் சமமாக மாறின, இன்று அவர்களுடைய ஒன்றுக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். ஆசை வரத்தான் செய்யும். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். ஜொகூரில் எத்தனையோ குடும்பங்களை அந்தப் பாலம்தான் தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கட்டும். அங்கே வேலை பெர்மிட்டில் முதலாளியின் பெயர் எழுதியிருக்கும். அந்த முதலாளி வேண்டாமென்றால் பெர்மிட் போயிற்று. பெர்மிட் ஆளுக்கு அவர்களுடைய மத்திய சேமநிதியும் கிடையாது. கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறவன் நிலை வேறு, வெறும் கையோடு போகிறவன் நிலை வேறு. பாலம் 1924-லிருந்து அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் எங்கும் போய்விடாது.

இப்போது மின்சாரத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணுங்கள், விரல் போதாது. வீடு கட்டுகிறவர், கடை வைத்திருக்கிறவர், ஆஸ்பத்திரி, ஓட்டல், கோயில் திருவிழா, தொழிற்சாலை. குளிமில் 1996-ல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்கா உங்கள் தோட்டத்திலிருந்து அதிக தூரம் இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் தோட்டத்துச் செம்பனை ஆலையையே பாருங்கள். அதன் கொதிகலனைப் பார்க்கச் சான்றிதழ் உள்ள ஆள் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே மாதிரி மின்சாரத்துக்கு வயர்மேன், சார்ஜ்மேன் என்று எரிசக்தி ஆணையம் சான்றிதழ் கொடுக்கிறது. படிப்படியாக மேலே போகலாம். தடையற்ற சந்தை என்று பேர்தானே ஒழிய, அதில் நல்ல விலைக்குப் போகிற வேலைகள் பலவற்றைச் சுற்றிச் சட்டம் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது அந்த வேலிதான். வேலிக்கு வெளியே நின்று நியாயம் கேட்பதைவிட உள்ளே போகிற வாசலைத் தேடுவது மேல்.

எல்லாம் நேராக நடந்துவிடும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். படிப்பு முடிந்து முதல் வருடம் அவன் இப்போது கையில் பார்ப்பதைவிடக் குறைவாகவே பார்க்கக்கூடும். இரண்டு வருடத்தில் விட்டுப்போகும் வருமானம், அந்த 2,050-ஐ வைத்தே கணக்கிட்டால், 49,200 வெள்ளி. சின்னத் தொகையல்ல. அதைத் திரும்பப் பிடிக்க அவனுக்கு முப்பது வயதுக்குப் பக்கம் ஆகலாம். சந்தைக்குக் கண் இல்லை என்பதும் முழு உண்மையல்ல; மண்டரின் தெரிந்தவர் மட்டும் மனுச் செய்யலாம் என்று போட்ட விளம்பரத்தை நம் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பேரைப் பார்த்ததும் பதில் வராமல் போன மனுக்கள் என் வீட்டிலேயே உண்டு. சான்றிதழ் இருந்தால் இதெல்லாம் மறைந்துவிடாது. ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு அடுத்த கதவு இருக்கும், அந்த மட்டும்தான் நான் உத்தரவாதம் சொல்ல முடியும்.

இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. கடைத்தெருவின் மேல்மாடியில் பலகை மாட்டிக்கொண்டு, எஸ்.பி.எம். முடிவு வந்த மறுநாளே தோட்டத்துக்குள் வந்து, "கடன் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று கையெழுத்துக் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாலிக்கொடியை அடகு வைத்துப் பையனை அப்படி ஒரு இடத்தில் சேர்த்தது. மூன்று வருடம் கழித்துக் கையில் கிடைத்த காகிதத்தை எந்த முதலாளியும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. கடன் மட்டும் உண்மையானதாக இருந்தது. சேருவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்குமா, எந்த நிலை என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் உட்காரக்கூட வேண்டாம். உங்கள் மகனுக்குக் கிடைத்திருப்பது அரசாங்க இடம். கட்டணம் பேருக்குத்தான், விடுதியும் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே அது விட்டுவிடக் கூடாத இடம்.

இரண்டு வருடத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் உங்கள் வீட்டில் பேச வேண்டிய பேச்சு. அவனுடைய மோட்டார் சைக்கிளை விற்க வேண்டாம். சனி, ஞாயிறுகளிலும் விடுமுறையிலும் ஓட்டட்டும். தவணைக்கும் கைச்செலவுக்கும் அது போதும். சேருவதற்கு இன்னும் நாள் இருந்தால், இப்போது வரும் காசில் மூன்று மாதத் தவணையை முன்கூட்டியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூட்டு பிடிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிப்பதானால், முதல் மாதமே எடுத்துவிடாமல் இரண்டாவது வருடத்தில் எடுங்கள். கஷ்டம் அப்போதுதான் வரும். கணவரின் சேமநிதியில் மட்டும் கை வைக்கவே வேண்டாம். கோவிட் காலத்தில் 2020 முதல் 2022 வரை நாட்டு மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்த தொகை 145 பில்லியன் வெள்ளி. எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, பசி நேரத்துக்குத்தான் காசு. ஆனால் உங்கள் கணவருக்கு வீடு போகும் நாள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் காசு தலைக்கு மேல் கூரையாக வேண்டிய காசு.

அந்தக் கூரையை நினைத்துத்தான் நான் இத்தனை அழுத்தமாக எழுதுகிறேன். அவர் வேலையிலிருந்து நிற்க இன்னும் ஆறு வருடம் என்று வைத்துக்கொண்டால், பையன் இப்போது சேர்ந்தால் அந்த நாளில் அவனுக்குத் தொழிலில் நான்கு வருட அனுபவம் இருக்கும். வீட்டுக் கடன் கேட்டு பேங்குக்குப் போகிறவனிடம் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கும்தான் முதலில் கேட்பார்கள். மாதா மாதம் ஏறி இறங்கும் போன் கணக்கை நீட்டினால் யோசிப்பார்கள். நடுத்தரக் குடும்பம் என்று சொல்கிறார்களே, அதற்கு எத்தனையோ விளக்கம் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வேலை போன அன்றைக்கு வீடு போகாத குடும்பம் நடுத்தரக் குடும்பம்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. அம்மா இந்தப் பக்கத்தை உன்னிடம் காட்டாமல் இருக்க மாட்டார் என்று தெரியும். நீ சோம்பேறி அல்ல. வெயிலிலும் மழையிலும் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறாய், அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கைகொடுக்கும். கணக்கு உனக்குத் தப்பாகத் தோன்றினால் நீயே போட்டு எனக்கு எழுது. ஒரு மாதம் பெட்ரோல் ரசீதையெல்லாம் ஒரு டின்னில் போட்டு வை. பிறகு கூட்டிப் பார்த்துவிட்டு எழுது. நான் போட்ட 400 வெள்ளி தப்பென்றால் அடுத்த இதழில் ஒப்புக்கொள்கிறேன்.

சகோதரி, பதில் அனுப்ப இரண்டு வாரம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாரத்தில் தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கும். நீங்கள் போட்டுக்கொள்ளாமல், அவர் குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகு, இந்தக் கணக்கையும் பாரத்தையும் அவர் கையில் கொடுங்கள். குலை வெட்டுகிற கை. பேனா பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அவசரப்படுத்த வேண்டாம்.